மின்வாகனத்தின் பவர்ட்ரெயின்: எதைச் சேர்ப்பது, எங்கே பிரிப்பது

மின்வாகனத்தின் சக்கரம் சுழல ஒரு சங்கிலியாகப் பல பாகங்கள் வேலை செய்கின்றன. பேட்டரி நேர்மின்னோட்டத்தைத் தருகிறது. இன்வெர்ட்டர் அதை மும்முனை மாறுமின்னோட்டமாக்குகிறது. மோட்டார் அந்த மின்சாரத்தை முறுக்குவிசையாக்குகிறது. கார்களில் நிமிடத்துக்கு 16,000 சுற்று வரை ஓடும் மோட்டாரின் வேகத்தைக் கியர் பெட்டி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, விசையைப் பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற உள்ளமைந்த சார்ஜர் வேண்டும். விளக்கு, ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்கு 12 வோல்ட் கொடுக்க டிசி-டிசி கன்வெர்ட்டர் வேண்டும். ஓட்டுநரின் கால் பெடலை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்து எல்லாவற்றுக்கும் கட்டளையிடும் கட்டுப்பாட்டுக் கணினி ஒன்றும் வேண்டும். இந்தக் கூட்டம் முழுவதற்கும் சேர்த்துத்தான் பவர்ட்ரெயின் என்று பெயர்.

இதை வடிவமைப்பவர் முன் முதலில் வந்து நிற்பது எல்லைகள் பற்றிய கேள்வி. ஒவ்வொரு பாகத்தையும் தனிப் பெட்டியில் வைத்து, வயராலும் குழாயாலும் இணைப்பது ஒரு வழி. அப்படிச் செய்தால் ஒரே மோட்டாரை நான்கு வண்டிகளில் பொருத்தலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இதுவே மாட்யூலர் வடிவமைப்பின் சாரம். பல பாகங்களை ஒரே வார்ப்புக் கூட்டுக்குள் சேர்த்துவிடுவது இன்னொரு வழி. அதில் எடை குறையும், இடம் குறையும், தயாரிப்புச் செலவும் குறையும்; ஆனால் உள்ளே ஒரு சிறு பலகை எரிந்தாலும் முழுத் தொகுதியையும் இறக்க வேண்டிவரலாம். எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறார்கள். எங்கே நிற்பது சரி என்பது, வண்டி எந்த ஊரில் ஓடப்போகிறது, அங்கே யார் அதைப் பழுதுபார்க்கப் போகிறார் என்பதையும் பொறுத்தது. அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஃபெரர்கஞ்ச் பக்கம் போகும் சாலையில் உள்ள சௌல்தாரிக்கும், சென்னை அண்ணா சாலைக்கும் ஒரே விடை பொருந்தாது.

முதல் தலைமுறை மின்கார்களில் பலவற்றில் பாகங்கள் தனித்தனியாகவே இருந்தன. காரணம் எளிது. அவை பெட்ரோல் காரின் உடலுக்குள் குடியேறியவை. எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார், அதன் மேல் இன்வெர்ட்டர், பக்கத்தில் சார்ஜர், தரைக்கு அடியில் பேட்டரி என்று, கிடைத்த இடத்திலெல்லாம் பாகங்களை வைத்தார்கள். 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இவி இந்த வகை. 30.2 கிலோவாட்-மணி பேட்டரி, 245 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை கொண்ட மோட்டார் ஆகியவற்றைச் சேர்த்து ஜிப்ட்ரான் என்று அந்நிறுவனம் பெயரிட்டது. அதே தொழில்நுட்பத்தைச் சிறிய பேட்டரியோடும் சிறிய மோட்டாரோடும் டிகோர் இவியில் வைக்க முடிந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கும் பெட்ரோல் கிரெட்டாவின் உடலைப் பகிர்ந்துகொள்கிறது, 42, 51.4 கிலோவாட்-மணி என்று இரண்டு பேட்டரி அளவுகளில் கிடைக்கிறது. ஓர் உடலை இரண்டு எரிபொருளுக்கும் பயன்படுத்துவது மோசமான உத்தி அல்ல. சந்தை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத காலத்தில் ஒரே உற்பத்தி வரிசையில் இரண்டையும் செய்ய முடிவது பெரிய பாதுகாப்பு.

ஆனால் பெட்டிகளுக்கு இடையே ஓடும் கம்பி சும்மா கிடக்கும் கம்பி அல்ல. இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் இடையிலான மூன்று கேபிள்களில் சில நூறு ஆம்பியர் ஓடுகிறது. அதுவும் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சுவிட்சுகளிலிருந்து வருவது. ஒவ்வொரு திறப்பும் மூடலும் ஒரு மின்காந்த அதிர்வைக் கிளப்புகிறது. கேபிள் நீண்டால் அது ஆன்டெனாவாகி ரேடியோவில் இரைச்சலைத் தரும், சென்சார் சமிக்ஞையைக் குழப்பும். தடுக்க உலோக வலை போர்த்திய, விலை கூடிய கேபிள் வேண்டும். இதே வேகமான சுவிட்சிங் மோட்டாரின் தண்டில் மின்னழுத்தத்தை உண்டாக்கி, பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் உருண்டைகளில் நுண்குழிகளை ஏற்படுத்தவும் கூடும். தண்டைத் தரையிணைப்புச் செய்யும் பிரஷ், பீங்கான் பேரிங் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு.

இன்வெர்ட்டரை மோட்டாரின் மேலேயே உட்காரவைத்து, கியர் பெட்டியையும் அதே கூட்டில் சேர்த்துவிட்டால் அந்தக் கேபிள்களே தேவையில்லை. சில அங்குலச் செப்புப் பட்டை போதும். இரண்டு கூலன்ட் குழாய்கள் ஒன்றாகும். ஆறு சீல்கள் மூன்றாகும். 'மூன்றும் ஒன்றில்' எனப்படும் இந்த அமைப்பே இன்று உலகம் முழுவதும் அடிப்படையாகிவிட்டது. டெஸ்லா 2012இல் மாடல் எஸ் காரில் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் கியர் பெட்டியின் இருபுறமும் வைத்தது. பின்னர் 2014இல் முன்சக்கரத்துக்குச் சிறிய அலகு ஒன்றைச் சேர்த்து நான்கு சக்கரங்களையும் இயக்கியது. சீனாவின் பிஒய்டி 2021இல் வெளியிட்ட தளத்தில் சார்ஜர், டிசி-டிசி கன்வெர்ட்டர், மின்பகிர்வுப் பெட்டி, கட்டுப்பாட்டுக் கணினிகள் வரை எட்டு வேலைகளை ஒரே தொகுதிக்குள் அடக்கியது.

தமிழ்நாட்டு வாசகருக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு மஹிந்திராவின் இங்ளோ தளம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆராய்ச்சி மையத்தின் உழைப்பு அதில் பெரும்பங்கு. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் பிஇ 6, எக்ஸ்இவி 9இ ஆகிய இரண்டு கார்கள் அறிமுகமாயின. உருவத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வண்டிகள். அடியில் இருப்பது ஒரே தளம். மோட்டார், இன்வெர்ட்டர், கியர் மூன்றும் சேர்ந்த ஒரே அலகு பின்சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. 59 கிலோவாட்-மணி பேட்டரியோடு வந்தால் 170 கிலோவாட், 79 கிலோவாட்-மணியோடு வந்தால் 210 கிலோவாட். முறுக்குவிசை இரண்டிலும் 380 நியூட்டன்-மீட்டர். மோட்டாரால் எவ்வளவு முடியும் என்பதை மட்டுமல்ல, பேட்டரியால் ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரத்தை விட முடியும் என்பதையும் வைத்தே திறன் தீர்மானமாகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே சாட்சி. 2025 நவம்பரில் ஏழு பேர் அமரும் எக்ஸ்இவி 9எஸ் அதே தளத்தில் வந்தது. புதுக் கார் ஒன்றுக்குப் புதிதாக மோட்டார் வடிவமைக்க வேண்டியதில்லை என்பதே தளத்தில் போட்ட முதலீட்டின் பலன்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. பாகங்களை ஒன்றாகச் சேர்ப்பதும் மாட்யூலர் அமைப்பும் எதிரெதிர் போலத் தோன்றினாலும், உண்மையில் மாட்யூலின் அளவுதான் மாறுகிறது. முன்பு மோட்டார் ஒரு மாட்யூல், இன்வெர்ட்டர் ஒரு மாட்யூல். இப்போது இரண்டும் சேர்ந்த அச்சு முழுவதும் ஒரு மாட்யூல். தொழிற்சாலையின் கண்ணில் இது முன்னேற்றம். ஒர்க்ஷாப்பின் கண்ணில், மாற்ற வேண்டிய ஸ்பேர் பெரிதாகி, விலை கூடி, அலமாரியில் வைக்க முடியாததாகிவிட்டது.

பேட்டரியில் இந்தப் போக்கு இன்னும் வேகமானது. பழைய வடிவம் மூன்று அடுக்கு: செல்கள் சேர்ந்து மாட்யூல், மாட்யூல்கள் சேர்ந்து பேக். ஒரு மாட்யூல் பலவீனமானால் அதைக் கழற்றி இன்னொன்றை வைக்க ஓரளவு வழி இருந்தது. இன்று நடு அடுக்கையே எடுத்துவிட்டு, நீளமான செல்களை நேரடியாகப் பேக்கில் அடுக்குகிறார்கள். இங்ளோ கார்களில் உள்ள பிஒய்டியின் பிளேடு செல்கள் இந்த வழியில் பிறந்தவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேதியியலைச் சேர்ந்தவை. இந்த வேதியியல் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த ஆற்றலையே தருகிறது, ஆனால் சூட்டில் நிதானமாக இருக்கிறது, நீண்ட காலம் உழைக்கிறது. மாட்யூல் பெட்டிகள் இல்லாததால் மிச்சமாகும் இடத்தில் கூடுதல் செல்களை வைத்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள். விலை, பாதுகாப்பு இரண்டிலும் இது நல்ல பேரம். பழுதுபார்ப்பில் மட்டும் நல்லதல்ல.

ஸ்கூட்டர்களில் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. இந்தக் கதையின் பெரும்பகுதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எழுதப்படுகிறது. ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏதரும், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவும் இருக்கின்றன. 2020 ஜனவரியில் வந்த டிவிஎஸ் ஐகியூப் மோட்டாரைப் பின்சக்கரத்தின் நடுவிலேயே வைத்தது. கியர், பெல்ட் எதுவும் இல்லை, பராமரிப்பு குறைவு. ஆனால் சக்கரத்தின் எடை கூடுகிறது, மேடு பள்ளத்தில் அதிர்வு நேராக மோட்டாருக்குப் போகிறது. சென்னை ஐஐடியில் தொடங்கி வளர்ந்த ஏதர் மோட்டாரை வண்டியின் உடலில் வைத்துப் பெல்ட்டால் சக்கரத்தை இயக்குகிறது. மோட்டாரைக் கழற்றாமல் டயரை மாற்றலாம். பெல்ட் மட்டும் தேய்ந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றலாம். 2025 ஆகஸ்டில் அந்நிறுவனம் காட்டிய இஎல் தளம், மோட்டார் கன்ட்ரோலரையும் உள்ளமைந்த சார்ஜரையும் ஒரே அலகாக்கியது. இரண்டிலும் உள்ள மின்னணுச் சுவிட்சுகள் ஒரே வகை. வண்டி ஓடும்போது சார்ஜர் சும்மா இருக்கிறது, சார்ஜ் ஏறும்போது கன்ட்ரோலர் சும்மா இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது புத்திசாலித்தனமான முடிவு.

எல்லை தெளிவாக இருந்தால் வேறொரு நன்மையும் உண்டு. 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் முதலிய அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது. நிரந்தரக் காந்த மோட்டார்களை நம்பியிருந்த இந்தியத் தயாரிப்பாளர்கள் திணறினார்கள். அரிய மண் காந்தத்தின் இடத்தில் ஃபெரைட் காந்தம் வைத்த மோட்டாருக்கு ஓலா அதே ஆண்டு அக்டோபரில், ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தின் சான்றிதழைப் பெற்றது. இப்படி ஒரு மாற்றத்தைச் செய்ய, புது மோட்டார் பழைய போல்ட் துளைகளில் உட்கார வேண்டும், பழைய மின்னழுத்தத்தை ஏற்க வேண்டும், கன்ட்ரோலரின் மென்பொருளில் சில எண்களை மாற்றினால் ஓட வேண்டும். மோட்டாரைச் சுற்றி வடிவமைப்பாளர் எல்லையைச் சரியாகப் போட்டிருந்தால்தான் இது நடக்கும். உலகச் சந்தையில் எந்தப் பொருள் எப்போது நின்றுபோகும் என்று தெரியாத காலத்தில் இதைவிட வலுவான வாதம் மாட்யூலர் அமைப்புக்கு இல்லை.

பேருந்துகளிலும் லாரிகளிலும் பாகங்கள் இன்னும் தாராளமாகப் பிரிந்தே இருக்கின்றன. இடம் உண்டு, வண்டிகளின் வகை அதிகம், உற்பத்தி எண்ணிக்கை குறைவு. அசோக் லேலண்ட் 2016இல் சர்க்யூட் என்ற மின்பேருந்தைக் காட்டியது. 2018இல் சன் மொபிலிட்டியோடு சேர்ந்து பேட்டரியைக் கழற்றி மாற்றும் வடிவத்தையும் முயன்றது. 2020 ஜூனில் அதன் அவதார் லாரித் தளம் வந்தது. அச்சு, கேபின், எஞ்சின், சஸ்பென்ஷன் ஆகியவற்றை வாடிக்கையாளரின் தேவைப்படி கோத்துத் தரும் டீசல் தளம்தான் அது. ஆனாலும் பொது இணைப்புகளை முன்கூட்டியே வகுத்துவிட்டால் எத்தனை வகை வண்டிகளைப் பெறலாம் என்பதற்கு நல்ல பாடம். அசோக் லேலண்ட் குழுமத்தின் ஸ்விட்ச் நிறுவனம் 2022 ஆகஸ்டில் மும்பையில் வெளியிட்ட இரட்டைத் தட்டு மின்பேருந்தில் 231 கிலோவாட்-மணி பேட்டரி இரண்டு தனி வரிசைகளாக இருக்கிறது. இரண்டு வரிசைகளாகப் பிரிப்பதில் பல பயன்கள் உண்டு: இரண்டு சார்ஜிங் முனைகளால் ஒரே நேரத்தில் சார்ஜ் செய்யலாம், ஒரு வரிசை கோளாறானால் மற்றொன்றின் பலத்தில் டிப்போ வரை மெதுவாக வண்டியைக் கொண்டுவரும்படி கட்டுப்பாட்டை எழுதலாம்.

இனி, பாகங்களை இணைப்பது என்கிற வேலை. ஒவ்வொரு பெட்டியும் தனியே சோதனையில் தேறிய பிறகும் வண்டியாகச் சேரும்போது தகராறு செய்வது இங்கேதான். வடிவமைப்பில் பெரும்பொழுது போவதும் இங்கேதான்.

முதலில் வெப்பம். மோட்டாரின் சுருள் 150 டிகிரி சூட்டையும் தாங்கும். இன்வெர்ட்டருக்குள் போகும் கூலன்ட் பொதுவாக 65 டிகிரியைத் தாண்டக் கூடாது. லித்தியம் செல்கள் 45 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் வேகமாக முதுமையடைகின்றன. மூன்றையும் ஒரே ரேடியேட்டரில் கட்ட முடியாது. எனவே மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் ஒரு சுற்று, பேட்டரிக்கு ஏசி கம்ப்ரெசரோடு பிணைந்த இன்னொரு சுற்று என்று அமைக்கிறார்கள். வெளியே 32 டிகிரியும் தாங்க முடியாத புழுக்கமுமாக இருக்கும் அந்தமான் போன்ற தீவில் பேட்டரியைக் குளிர்விக்க அந்தக் கம்ப்ரெசர் அடிக்கடி ஓடும். பயணிகளுக்கான ஏசியும் அதே கம்ப்ரெசரைக் கேட்கும். இரண்டில் யாருக்கு முன்னுரிமை என்பது மென்பொருளில் ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டிய முடிவு.

அடுத்தது மின்பாதுகாப்பு. மின்பேருந்துகளின் மின்னழுத்தம் பெரும்பாலும் 600 வோல்ட்டுக்கு மேல். இந்தச் சுற்று வண்டியின் உலோக உடலைத் தொடவே கூடாது. நேர்மின்னோட்டச் சுற்றில் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் காப்புத்தடை இருக்க வேண்டும் என்பது விதி. 650 வோல்ட் என்றால் 65 கிலோ ஓம். மாறுமின்னோட்டப் பகுதியும் சேர்ந்திருந்தால் விதி இன்னும் கடுமையாகும். வண்டி ஓடும்போதே இதை அளந்து, குறைந்தால் எச்சரிக்கும் கருவி உள்ளே இருக்கிறது. ஆரஞ்சு நிறக் கேபிளின் ஒவ்வொரு கனெக்டர் வழியாகவும் ஒரு மெல்லிய இன்டர்லாக் கம்பி ஓடுகிறது. யாராவது கனெக்டரைப் பிடுங்கினால் அந்தச் சுற்று அறுந்து, பேட்டரியின் காண்டாக்டர்கள் உடனே திறந்துவிடும். இன்வெர்ட்டரின் பெரிய கெபாசிட்டரை முதலில் ஒரு தடையின் வழியே மெதுவாக நிரப்பிய பிறகுதான் முதன்மைக் காண்டாக்டர் மூட வேண்டும். இந்த வரிசை தவறினால் காண்டாக்டரின் முனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும், பிறகு அணைக்கவே முடியாது. ஒரு நிறுவனத்தின் பேட்டரியையும் இன்னொரு நிறுவனத்தின் இன்வெர்ட்டரையும் சேர்க்கும்போது, கெபாசிட்டர் நிரம்பிவிட்டது என்று யார் யாரிடம் சொல்வது என்ற இந்தச் சிறு ஒப்பந்தமே முதல் வாரத் தலைவலி.

மூன்றாவது, பேச்சுமொழி. பாகங்கள் கேன் என்ற இரண்டு கம்பி வலையில் செய்தி பரிமாறுகின்றன. பேட்டரி 'இந்த நொடியில் இவ்வளவு கிலோவாட் தரலாம், இவ்வளவு வாங்கிக்கொள்ளலாம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டுக் கணினி அதற்குள் அடங்கும்படி மோட்டாரிடம் விசை கேட்க வேண்டும். இந்தச் செய்திகளின் வடிவத்தைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வெளியே சொல்வதில்லை. போல்ட்டும் கனெக்டரும் பொருந்தினாலும் செய்தி புரியாவிட்டால் மாட்யூல் மாட்யூல் அல்ல.

சௌல்தாரிச் சாலையைப் போன்ற ஏற்ற இறக்கமான வழிகளில் இந்தப் பேச்சுக்கு நேரடிப் பலன் உண்டு. 15 டன் பேருந்து ஒன்று 50 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 2 கிலோவாட்-மணி. ஒரு பேருந்து சமதரையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஓடுவதற்குப் போதுமானது. பிரேக் லைனிங்கைத் தேய்த்து வீணாக்காமல் இதில் பாதிக்கு மேல் மோட்டாரால் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்குத் திருப்ப முடியும். ஆனால் பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் அதனால் வாங்க முடியாது. அப்போது மோட்டாரின் பிரேக் விசையைக் குறைத்து, காற்று பிரேக்கை அதே கணத்தில் கூட்ட வேண்டும். ஓட்டுநரின் காலுக்கு வித்தியாசமே தெரியக் கூடாது. பேட்டரி, மோட்டார், பிரேக் மூன்றும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வந்தவையாக இருந்தால், இந்த ஒரு கணத்தைச் சரிசெய்வதற்கே நீண்ட சாலைச் சோதனை தேவைப்படும்.

தெற்கு அந்தமானில் மின்பேருந்து வெறும் யோசனை அல்ல. என்டிபிசியின் துணை நிறுவனமான என்விவிஎன் வழியாக 40 மின்பேருந்துகள் அங்கே கொண்டுவரப்பட்டன. தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. நெய்வேலி என்எல்சி அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும் அதோடு இணைந்த 8 மெகாவாட்-மணி பேட்டரியும் அந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கிவைத்தன. மின்வாகனம் அங்கே தரும் நன்மை, சூரிய ஒளியின் பங்கு கூடக் கூடத்தான் முழுமையாகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, எப்போதும் உப்பு கலந்த ஈரக் காற்று. அலுமினியக் கூட்டும் எஃகு போல்ட்டும் தொடும் இடத்தில் அரிப்பு தொடங்கும். கனெக்டரின் ரப்பர் சீல் கொஞ்சம் தளர்ந்தால் உள்ளே ஈரம் புகுந்து காப்புத்தடை குறையும். வண்டி எச்சரிக்கை விளக்கைப் போட்டு நின்றுவிடும். ஆக, இங்கே பெட்டிகளின் எண்ணிக்கை கூடினால் கனெக்டர்கள் கூடும், கனெக்டர்கள் கூடினால் உப்பு நுழைய வாசல்கள் கூடும். இந்த ஒரு காரணத்துக்காகத் தீவுக்கு, மூன்றும் ஒன்றில் அடங்கிய அலகு நல்லது.

மறுபக்கம், சென்னையிலிருந்து கடல்வழியே சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலுக்கு மூன்று நாளாகலாம், கப்பல் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருப்பது வேறு. லித்தியம் பேட்டரி பேக்கை விமானத்தில் ஏற்றுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் பழுதான அலகு ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பிப் புதிது வரவழைப்பது கட்டுப்படியாகாது.

இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால் தீவுக்கேற்ற எல்லை தெரிகிறது. மோட்டாரும் கியரும் ஒரே கூட்டில், முழுமையாக அடைபட்டு இருக்கட்டும். அவை அரிதாகவே கெடுகின்றன. இன்வெர்ட்டர் அதே கூட்டின் மேல் உட்காரட்டும், ஆனால் தனி மூடியோடு, பிற பாகங்களைத் தொடாமல் கழற்றும்படி. சார்ஜரும் டிசி-டிசி கன்வெர்ட்டரும் வண்டியின் உயரமான, உலர்ந்த இடத்தில் தனியே இருக்கட்டும். மின்தடையும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் நேரடியாகத் தாக்குவது அவற்றைத்தான். பேருந்தின் பேட்டரி, பல சிறிய பேக்குகளாக இருக்கட்டும். ஒன்றை ஃபோர்க்லிஃப்டில் இறக்கி இன்னொன்றை ஏற்றுவது டிப்போவிலேயே முடிய வேண்டும். தொழிற்சாலைக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடச் செலவாகும் அமைப்புதான் இது. நாள்கணக்கில் நிற்கும் பேருந்தின் செலவு அதைவிடப் பெரிது.

விதிகள் இந்தத் திசையில் ஓரளவு நகர்ந்திருக்கின்றன. 2022இல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156, ஏஐஎஸ் 038 தரநிலைகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. இலகுரக வாகனங்களுக்கான ஒருங்கிணைந்த சார்ஜிங் கனெக்டருக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2023இல் ஒப்புதல் தந்தது. அதன் மூலவடிவம் ஏதர் பயன்படுத்திவந்தது. ஒரு நிறுவனத்தின் இணைப்பு எல்லோருக்கும் பொதுவானால் என்ன நன்மை என்பதை அது காட்டிவிட்டது. ஆனால் இவையெல்லாம் வண்டிக்கு வெளியே உள்ள முனைக்கும், உள்ளே உள்ள பாதுகாப்புக்கும் உரியவை. இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் இடையிலான போல்ட், கனெக்டர், செய்திமொழி ஆகியவை இன்னும் ஒவ்வொரு தயாரிப்பாளரின் சொந்தச் சொத்தாகவே இருக்கின்றன.

அது மாறும் வரை, தீவுகளுக்கும் மலையூர்களுக்கும் மின்பேருந்து வாங்கும் நிர்வாகங்கள் ஒப்பந்தப் புள்ளியிலேயே சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும்: எந்தெந்த அலகை டிப்போவில் கழற்றி மாற்றலாம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகும், கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி உள்ளூர் மெக்கானிக்கிடம் இருக்குமா, எந்த ஸ்பேர்கள் தீவிலேயே இருப்பு வைக்கப்படும். கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள்.